மூன்றா, எட்டா

"பெயிண்டைச் சுரண்டிட்டு வாங்கம்மா" என்றார்
பிரேக் இன்ஸ்பெக்டர், குனிந்துகூடப் பார்க்காமல்.
என்ஜின் நம்பர் தெரியவில்லையாம்.
பெயர் மாற்றப் போன வண்டியில்
பெயர் மாறாமல் திரும்பினேன்
லெட்சுமாங்குடி பாலத்து நெரிசலில்.

பைனான்ஸ் ஏலத்தில் எடுத்தது.
முன்னால் ஓட்டியவர் யாரோ
தங்கக் கலர் டப்பாவைத் திறந்தவர்
தீரும்வரை மூடவேயில்லை.
கிளட்ச் மூடி தங்கம். கிக்கர் தங்கம்.
போல்ட்டின் தலை தங்கம்,
அதன் கழுத்தில் வழிந்து உறைந்ததும் தங்கம்.
ஸ்டாண்டு ஸ்பிரிங்கின் சுற்றுக்குள்
ஒரு ஈ ஒட்டிச் செத்திருந்தது, அதுவும்.

"காஸ்டிக் சோடாவா? கூடவே கூடாது,
அலுமினியத்தைத் தின்னுட்டு ஏப்பம் விடும்"
என்ற ஜபருல்லா கடையில்
கால் லிட்டர் ரிமூவர்,
பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று,
ஒரு சைஸ் பெரிய கையுறை.

கொல்லையில் சாக்கை விரித்தேன்.
மூடியைத் திருகியதும் கண் எரிந்தது.
கட்டிக் கஞ்சி போலத் தடவி
காயாமலிருக்கப் பாலிதீன் பையைச் சுற்றிவிட்டு
அரிசி களைந்து உலை வைத்து வந்து பார்த்தால்
எண்ணெயில் விழுந்த அப்பளமாய்ப்
பொங்கிக் கிடந்தது தங்கம்.
சுரண்டினேன். சுருள் சுருளாய் வந்தது.
கையுறை முடியும் இடத்தில் ஒரு சொட்டு.
நல்ல தண்ணீர்ப் பானைக்கு ஓடினேன்.

தங்கத்துக்குக் கீழே கறுப்பு.
செயின் கார்டில் மட்டும்
கறுப்பு சுருங்கச் சுருங்க
வெள்ளை எழுத்து எழுந்தது:
அம்மாவின் பரி
அடுத்த எழுத்தைப் படிப்பதற்குள்
அ கழன்று மா-வின் மேல் விழுந்தது.
துணியால் ஒற்றினேன், துணியோடு வந்தது.
தடவியதைத் திரும்ப வாங்க
எந்தக் கடையிலும் மருந்தில்லை.
எத்தனை தவணை கட்டினாளோ அந்த அம்மா.
எத்தனையாவதில் நின்றதோ.

அதற்கும் கீழே, என்ஜின் செதில்களின் இடுக்கில்
பெயிண்டே இல்லை.
தவிட்டு நிறத்தில் பொருக்காய் ஏதோ.
நனைத்து விரலில் தேய்த்தால் வழுவழுப்பு.
வண்டல்.
"தண்ணி காணாத வண்டிங்க"
என்றுதானே சொன்னான் ஏலக் கொட்டகையில்?
கழுவாமலே கறுப்படித்திருக்கிறார்கள்,
கறுப்பு வெளுத்ததும் தங்கம்.
நானும் வெள்ளத்தில் கட்டில்மேல் ஏறி நின்றவள்தான்.
கோபம் வந்தது, முழுதாக வரவில்லை.

மாலை வெயில் சாய்ந்து அடித்தபோது
நம்பர் தெரிந்தது.
கடைசி இலக்கம் மூன்று.
புத்தகத்தில் எட்டு.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.
திருட்டு வண்டியென்றால் போலீஸ், கோர்ட்டு,
கொடுத்த இருபத்திரண்டாயிரத்துக்குச் சங்கு.
பூத்தையல் ஊசியை எடுத்து வந்தேன்.
மூன்றின் இடதுபக்கம் மண்ணா, உலோகமா?
குத்தினால் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.
ஊதினேன். மறுபடி குத்தினேன்.
மேல் வளையம் மூடியது.
கீழ் வளையம் மூடியது போலிருந்தது.
எட்டு.
நிம்மதியில் ஊசியைக் கீழே வைத்தவள்
அதன் முனையைப் பார்த்தேன்.
மண் அடைத்திருந்த எட்டைத் திறந்தேனா,
எட்டு வேண்டுமென்று
நானே கீறிவிட்டேனா?
பக்கத்து வீட்டு சுபைதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"எட்டுதான்" என்றாள்.
கண்ணாடி போடாமல்தான் வந்திருந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர்
நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்.
சாம்பல் நிறத்தில் வந்தது எட்டு,
மற்ற எண்களைவிட ஒரு துளி மெலிந்து.
இன்னும் சூடாயிருந்த என்ஜினில்
இடுக்கில் விட்டுப்போன தங்கம் புகைந்து நாறியது.

"கலர்?" என்றார்.
பார்த்தேன்.
தங்கமில்லை, கறுப்பில்லை,
அங்கங்கே மேகமூட்டமாய் வெறும் உலோகம்.
நான் வாய் திறக்குமுன்
பழைய புத்தகத்தைப் பார்த்து
கறுப்பு என்று எழுதிக்கொண்டார்.